பாத்திரம் அறிதல்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபொழுது, எதைப்பற்றி எழுதுவதென்று பல நாள் தயங்கினேன். அதிபர்களின் பெருமையையும், ஆசிரியர்களின் கண்டிப்பையும், துடுப்பாட்டத்திலும் உதைபந்தாட்டத்திலும் எமது கல்லூரி ஈட்டிய வெற்றிகளையும் என்னிலும் வல்லார் பலர் எழுதுவர். நானோ வாழ்நாளின் பெரும்பகுதியை இறப்பர்த் தொழிற்சாலை ஒன்றிலே கழித்தவன். ஆதலால், என் கைக்கும் அனுபவத்திற்கும் எட்டிய ஒரு சிறு பொருளைப் பற்றியே எழுதத் துணிந்தேன். கண்ணாடி நார் வேலைக்குரிய பிசினை எத்தகைய பாத்திரத்திற் கலக்கவேண்டும் என்பதே அது. "இதற்கும் ஒரு கட்டுரையா?" என்று நகைப்போர் உளராயின், பொறுமையுடன் இறுதிவரை படிக்குமாறு அவர்களை வேண்டுகிறேன். இச்சிறு விடயத்தை எண்ணிப் பாராமையால் ஓர் ஏழைப் பிள்ளையின் கை வெந்தது. வேகச் செய்தவன் நானே.

"பாத்திரம் அறிந்து பிச்சையிடு" என்பது நம் முன்னோர் வாய்மொழி. அங்கே பாத்திரம் என்ற சொல், பெறுதற்குத் தகுதியுடையவனைக் குறிக்கும். அடுப்படியிலே அதே சொல் சட்டியையும் செம்பையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒரு சொல்லுக்குள் அமைந்திருப்பது தற்செயலன்று என்பது என் எண்ணம். எதை எதனுள் இடலாம் என்று அறிவதே ஓர் அறிவு. அவ்வறிவை நான் மூன்று இடங்களிற் கற்றேன். முதலாவது இடம் நான் பிறந்த தோட்டம்.

கேகாலையிலிருந்து கரவனல்லைக்குச் செல்லும் பாதையில் அமைந்துள்ளது புளத்கொகுபிட்டிய. மலைச்சரிவின் மேற்பகுதியிலே தேயிலையும் கீழ்ப்பகுதியிலே இறப்பரும் செழிக்கும் மழை நாடு அது. 1876 ஆம் ஆண்டில் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைக்கு வந்த இறப்பர் நாற்றுகளின் சந்ததியே இன்று அங்குள்ள சரிவுகளை மூடி நிற்கின்றது. என் தந்தையார் பால் வெட்டும் தொழிலாளி. விடியுமுன் மரத்திலே பால் நன்றாகச் சுரக்கும். ஆதலால் இருள் பிரியும் வேளையிலேயே கத்தியோடும் வாளியோடும் புறப்பட்டுவிடுவார். விடுமுறை நாள்களில் நானும் அவர் பின்னே செல்வேன். மரந்தோறும் கம்பி வளையத்திற் பொருத்திய தேங்காய்ச் சிரட்டையிலே பால் துளித்துளியாக விழும். அதனை வாளியிற் சேர்த்து, ஸ்டோருக்குக் கொண்டுசென்று, வடித்து, நீர் கலந்து, அகன்ற அலுமினியத் தட்டங்களில் ஊற்றி, நீர்த்த போமிக் அமிலம் சேர்ப்பார்கள். சில மணி நேரத்தில் பால் தயிர்போல உறைந்துவிடும். உறைந்ததை உருளைகளுக்கிடையே செலுத்தித் தகடாக்கிப் புகையறையில் உலர்த்துவார்கள்.

எனக்கு ஏழு அல்லது எட்டு வயதிருக்கும். ஒருநாள் வாளி நிறைந்து பால் வழியக் கண்டு, மிகுதியை வீட்டிலிருந்து கொண்டுபோன பித்தளைச் செம்பில் ஊற்றிவிட்டேன். கெட்டிக்காரத்தனம் செய்ததாகவே எனக்கு எண்ணம். தந்தையார் அதைக் கண்டதும் செம்பைப் பறித்துப் பாலை நிலத்திலே கொட்டிவிட்டார். ஒரு துளியையும் வீணாக்காத மனிதர் அவர். "பித்தளையில பால் படக் கூடாதுடா" என்றார். ஏன் என்று கேட்டேன். "படக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். காரணம் அவருக்குத் தெரியாது. கங்காணி சொன்னதை அவர் சொன்னார். கங்காணிக்குத் துரை சொல்லியிருப்பார். காரணம் எங்கேயோ தொலைந்துபோக, விதி மாத்திரம் வாய்வழியாக எங்கள் லயத்தை வந்தடைந்திருந்தது.

அக்காரணத்தை நான் அறிந்தது இரண்டாவது இடமாகிய எமது கல்லூரியிலேதான். தோட்டத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் விடாமுயற்சியினால் எனக்கு விடுதியிலே இடம் கிடைத்தது. பொல்காவலைச் சந்தியில் யாழ் தேவி ஏறி, வாழ்வில் முதன்முறையாக மலையில்லாத நாட்டைக் கண்டேன். பேச்சாலும் உடையாலும் பிறரிலிருந்து வேறுபட்டு, வகுப்பின் கடைசி வாங்கிலே அமர்ந்திருந்த எனக்குப் புகலிடமாய் அமைந்தது இரசாயன ஆய்வுகூடம். அங்கே பேச்சுக்கு வேலை குறைவு. கண்ணுக்கும் கைக்குமே வேலை.

எங்கள் இரசாயன ஆசிரியர் முதல் நாள் பாடத்திலே சமன்பாடு எதனையும் எழுதவில்லை. எங்களை அலுமாரியின் முன் நிறுத்திப் போத்தல்களைப் பார்க்கச் சொன்னார். வெள்ளி நைத்திரேற்று ஏன் கபில நிறப் போத்தலில் இருக்கின்றது? ஒளி பட்டால் அது பழுதாகும். சோடியம் ஏன் மண்ணெண்ணெயுள் கிடக்கின்றது? காற்றும் ஈரமும் அதற்குப் பகை. வெண் பொசுபரசோ தண்ணீருள் இருக்கின்றது. அஃது ஏன்? காற்றுப் பட்டால் அது தானே தீப்பற்றும். எரிசோடாக் கரைசலின் போத்தலுக்கு ஏன் கண்ணாடி மூடி இல்லை? அது கண்ணாடியைச் சிறிது சிறிதாக அரித்து, மூடியைக் கழற்ற முடியாதவாறு இறுக்கிவிடும். இவ்வாறு ஒவ்வொன்றாகக் கேட்டு எங்களையே விடை கூறச் செய்தபின், "எந்தப் பொருளை எந்தக் கலத்தில் இடுவதாயினும் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தப் பொருள் கலத்தை என்ன செய்யும்? இந்தக் கலம் பொருளை என்ன செய்யும்?" என்றார்.

நான் அன்று துணிந்து எழுந்து, பித்தளைச் செம்பைப் பற்றிக் கேட்டேன். வகுப்பிலே சிலர் சிரித்தனர். ஆசிரியர் சிரிக்கவில்லை. பித்தளையிலே செம்பு உண்டு. இறப்பர் பாலிலே செம்பு நுண்ணிய அளவிற் கலந்தாலும், பின்னர் அந்த இறப்பர் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து பழுதடைவது விரைவுபடும். பிசுபிசுத்து வலிமை இழந்துபோகும் என்று விளக்கினார். பிற்காலத்திலே, ஏற்றுமதிக்குரிய செறிந்த இறப்பர் பாலில் ஒரு கிலோகிராம் திண்மத்துக்குச் செம்பு 8 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று சருவதேச நியமம் விதித்திருப்பதை நான் தொழிலிற் கண்டபோதெல்லாம் அந்த வகுப்பறை என் நினைவுக்கு வரும். அந்த விடுமுறையில் ஊருக்குப் போய்த் தந்தையாருக்கு அவர் காத்துவந்த விதியின் காரணத்தைச் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்துவிட்டு, "அப்ப நாங்க செஞ்சது சரிதான்" என்றார்.

நிற்க. படிப்பு முடிந்தபின் பல இடங்களிற் பணியாற்றி, ஈற்றில் புளத்கொகுபிட்டியப் பகுதியிலேயே ஒரு தொழிற்சாலையில் உத்தியோகம் பெற்று, அங்கேயே இளைப்பாறினேன். 2016 மே மாத நடுப்பகுதியிலே பெய்த பெருமழையையும், அரநாயக்கவிலும் புளத்கொகுபிட்டியவிலும் மண் சரிந்து பல உயிர்களை விழுங்கியதையும் நாடறியும். நான் வாழ்ந்த பகுதியில் உயிர்ச் சேதம் நேரவில்லை. ஆயின், லயங்களுக்கு மேலேயிருந்த தண்ணீர்த் தொட்டியின்மீது கற்கள் உருண்டு விழுந்தன. அது பைபர் கிளாஸ் என்று நாம் வழங்கும் கண்ணாடி நாரினால் ஆன தொட்டி. மூன்று இடங்களிலே கீறிப் பிளந்துவிட்டது. பீலியிலே தண்ணீர் நின்றது. ஓடையோ சேறாகியிருந்தது. கைக்குழந்தை உள்ள தாய்மார் குடத்தோடு வழுக்குப் பாதையில் நெடுந்தூரம் இறங்கி ஏறினர். புதுத் தொட்டி எப்போது வரும் என்பதை எவராலும் சொல்ல முடியவில்லை.

என்னோடு ஒரே விடுதியில் இருந்த பழைய மாணவ நண்பர் ஒருவர் அப்போது கொழும்பிலே படகுத் தொழிலோடு தொடர்புடையவராய் இருந்தார். செய்தியைக் கேட்டதும், மூன்று கிலோகிராம் எப்பொக்சிப் பிசினையும் அதற்குரிய கடினமாக்கியையும் நெய்த கண்ணாடித் துணியையும் தம் செலவிலே அனுப்பிவைத்தார். குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றதென உற்பத்தியாளரே குறித்திருந்த வகை அது. மூன்று கிலோகிராம் என்றது இரண்டும் சேர்ந்த நிறை.

இப்பொருளைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். கண்ணாடியை நூலாக இழுத்து நெய்த துணிக்கு இழுவை வலிமை உண்டு, உருவம் இல்லை. பிசினுக்கு உருவம் உண்டு; தனியே நின்றால் எளிதில் வெடிக்கும். இரண்டும் சேர்ந்தாற் படகாகும், தொட்டியாகும். இவ்வேலைக்கு வழங்கும் பிசின் இருவகை. பொதுவாகப் படகுக்கும் தொட்டிக்கும் பயன்படுவது பொலியெஸ்ரர். அதற்கு நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு ஊக்கி சேர்த்தாற் போதும். மற்றையது எப்பொக்சி. 1930களிலும் 1940களிலும் சுவிற்சர்லாந்திற் பியர் கஸ்தானும் அமெரிக்காவிற் சில்வன் கிறீன்லீயும் வெவ்வேறாக உழைத்து உருவாக்கியது. நாம் வீட்டிலே இரண்டு குழாய்களிலிருந்து பிதுக்கிக் கலக்கும் அரல்டைற் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. எப்பொக்சியிலே கடினமாக்கி வெறும் ஊக்கியன்று. பிசினோடு தானும் இணைந்து திண்மமாவது. ஆகவே பங்கு பிசகலாகாது. விரைவில் இறுகட்டும் என்று கடினமாக்கியைக் கூட்டினால், கூடிய பகுதி இணையக் கூட்டாளி இன்றித் தங்கி, வேலை என்றும் பிசுபிசுத்தே கிடக்கும். பழைய பொலியெஸ்ரர்ச் சுவரின்மீது எப்பொக்சி நன்கு பற்றும் என்பதாலேயே நண்பர் அதனை அனுப்பினார்.

எனக்கு உதவியாக ஒரு பையன் வந்தான். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்தவன். அவன் தாயார் பால் வெட்டுபவர். தொட்டியின் உட்புறத்தை உலர்த்தி, உடைந்த இடங்களை மணற்றாளினால் உரஞ்சி, தூசி துடைத்து, துணியை அளவாக வெட்டி வைத்தோம். அன்று பிற்பகல் மேற்கே கருமேகம் திரண்டது. மழைக்குமுன் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், பாதிப் பிசினை, அஃதாவது ஒன்றரைக் கிலோகிராமை, ஒரே முறையில் கலக்க முடிவு செய்தேன். பாத்திரம் வேண்டுமே. வீட்டிலே வெறுமையாய்க் கிடந்த பெரிய பால்மாத் தகரம் ஒன்று கண்ணிற் பட்டது. ஆசிரியர் கற்பித்த இரண்டு கேள்விகளையும் கேட்டேன். பிசின் தகரத்தை அரிக்காது. தகரம் பிசினைக் கெடுக்காது. கழுவித் துடைத்து அதிலேயே கலந்தேன். பங்கு சரி, கலக்கியதும் சரி.

தகரத்தைப் பையனிடம் கொடுத்து ஏணியேறி வருமாறு கூறி, நான் தொட்டிக்குள் இறங்கித் தூரிகையோடு காத்திருந்தேன். முதற் பூச்சைப் பூசித் துணியை ஒட்டிக்கொண்டிருக்கையில், ஏணியின் உச்சியில் நின்று தகரத்தைத் தாங்கிக்கொண்டிருந்த அவன் முகம் மாறியதை நான் கவனிக்கவில்லை. மணம் வந்த பின்னரே திரும்பினேன். தகரத்திலிருந்து புகை எழுந்தது. "போடு, போடு" என்று கத்தினேன். அவன் போடவில்லை. மெல்ல இறங்கி, தகரத்தை நிலத்திலே நேராக வைத்த பிறகே கையை எடுத்தான். அதற்குள் பிசின் நுரைத்து மஞ்சளித்துக் கல்லாகிவிட்டது. அவனுடைய வலக்கை விரல்களிலும் உள்ளங்கையிலும் தோல் வெண்மையாய்க் கிளம்பியிருந்தது. குளிர்ந்த நீரிலே கையை நெடுநேரம் பிடித்தபின் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். வழியிலே, ஏனப்பா உடனே போடவில்லை என்று கேட்டேன். "கொட்டிப் போச்சுன்னா தண்ணி வராதே ஐயா" என்றான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கையுறை கொடுக்காதது ஒரு பிழை. அதனினும் பெரிது, நான் மூன்றாவது கேள்வியைக் கேளாதது. பிசினும் கடினமாக்கியும் இணையும்போது வெப்பம் பிறக்கும். வெப்பம் கூடினால் இணையும் வேகமும் கூடும். ஏறத்தாழ ஒவ்வொரு பத்துப் பாகை செல்சியஸ் ஏற்றத்துக்கும் வேகம் இருமடங்காகும் என்பது ஆய்வுகூடத்துப் பொதுக் கணக்கு. வேகம் கூட மேலும் வெப்பம் பிறக்கும். பிறந்த வெப்பம் வெளியேற வழியில்லையாயின், கொதிநீரின் வெப்பத்தையும் கடந்து பிசின் தன்னையே சுட்டுக்கொள்ளும். இவை யாவும் நான் படித்தவையே. ஆயினும் பாத்திரத்தைத் தெரிந்த வேளையில் அவை என் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் பையனைப் பார்க்கப் போனேன். கட்டுப்போட்ட கையோடு திண்ணையில் இருந்தான். மன்னிப்புக் கேட்க வந்த என்னிடம் அவன் கேட்ட கேள்வி இது. "ஐயா, ஸ்டோர்ல பால் ஒறைய வைக்கிற தட்டு அகலமாத்தானே இருக்கு? இதுவும் ஒறையிற சாமான்தானே? இத மட்டும் ஏன் ஒடுக்கமான தகரத்துல ஊத்தினீங்க?"

நான் வாயடைத்து நின்றேன். இறப்பர்த் தட்டம் அகன்றிருப்பதற்குக் காரணம் வேறு. தகடு மெல்லியதாக வரவேண்டும் என்பதே அது. பால் உறைகையில் இவ்வாறு சூடேறுவதுமில்லை. எனினும் அவன் கண்ட வழி முற்றும் சரி. கணக்கைப் பாருங்கள். ஒரு லீற்றர் பிசின் பத்துச் சென்ரிமீற்றர்ப் பக்கமுள்ள கனசதுரமாய் இருப்பின், அதன் மேற்பரப்பு 600 சதுர சென்ரிமீற்றர். அதே பிசினை ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்பினால் மேற்பரப்பு 2000 சதுர சென்ரிமீற்றருக்கு மேற்படும். பிறக்கும் வெப்பம் ஒன்றே; அது வெளியேறும் வாயில் மூன்று மடங்குக்கும் அதிகம். அதுமட்டுமன்று, நடுவிலே பிறந்த வெப்பம் ஐந்து சென்ரிமீற்றர் கடந்து வெளிவர வேண்டியிருந்த இடத்தில், அரைச் சென்ரிமீற்றர் கடந்தாற் போதும். ஆழமான தகரத்திற் சில நிமிடங்களிற் கல்லாகும் பிசின், அகன்ற தட்டிலே பல மடங்கு நேரம் தூரிகைக்கு இணங்கி நிற்கும்.

எஞ்சியிருந்தது ஒன்றரைக் கிலோகிராம். இனிப் பிழைவிட இடமில்லை. ஆகவே, பையனும் நானும் கிடைத்த பாத்திரம் ஒவ்வொன்றையும் சிறுதுளிப் பிசின் இட்டுச் சோதித்தோம். நாங்கள் கண்டவற்றை மாணவர் பயன் கருதிக் கூறுகிறேன்.

கண்ணாடிக் குவளை ஆகாது. பிசின் அதனை இறுகப் பற்றிக்கொள்ளும். குவளையை உடைத்தாலன்றி விடாது. சூட்டிலே குவளை வெடிக்கவும் கூடும். தகரப் பேணி, சிறிதளவு பிசினைக் கலந்து உடனே எறிந்துவிடுவதாயின் தாங்கும், மீண்டும் பயன்படாது, சூட்டை நேரே கைக்குக் கடத்தும். மண் சட்டி நுண்துளைகள் உடையது. பிசினை உறிஞ்சும், தன்னிலுள்ள ஈரத்தை அதற்குக் கொடுக்கும். தேங்காய்ச் சிரட்டையின்மீது எனக்குப் பற்று அதிகம். உள்ளே மூலையில்லாத வட்ட அடி. கலக்குவதற்கு அதனிலும் நல்ல வடிவம் இல்லை. ஆயினும் எவ்வளவு சுரண்டியும் நாரும் எண்ணெய்ப் பசையும் பிசினிலே சேர்ந்தன. இறப்பர்ப் பாலை வடித்தெடுக்கலாம். பிசினை வடிக்க முடியாது. மனமின்றி அதனை விலக்கினோம்.

ரெஜிபோம் கோப்பை எப்பொக்சியின் சூட்டிலே இளகும். பொலியெஸ்ரர்ப் பிசினாயின் அதிலுள்ள ஸ்ரைரீன் அக்கோப்பையைக் கரைத்தே விடும். மெழுகு பூசிய கடதாசிக் கோப்பையிலே மெழுகு உருகிப் பிசினோடு கலக்கும். கலந்தால், ஒட்டவேண்டிய இடத்தில் ஒட்டாது. எல்லாவற்றிலும் ஏற்றவை பொலியெதிலீனாலும் பொலிபுரொப்பிலீனாலும் ஆன பாத்திரங்களே. ஐஸ்கிறீம் பெட்டியும் மாஜரின் டப்பாவும் பெரும்பாலும் இவ்வகையின. அடியிலே முக்கோணக் குறிக்குள் 2 அல்லது 5 என்ற இலக்கம் இருந்தால் இவ்வகை என்று கொள்ளலாம்; 6 என்றிருந்தால் அது பொலிஸ்ரைரீன். முன்னவற்றிலே பிசின் பற்றாது. இறுகிய பின் பெட்டியைச் சிறிது வளைத்தால், பாக்குமட்டையிலிருந்து உலர்ந்த மா கழல்வதுபோலத் துண்டாய்க் கழன்றுவிடும். கொழுப்புப் பசை நீங்கச் சவர்க்காரமிட்டுக் கழுவி முற்றாக உலர்த்துதல் அவசியம். ஒருமுறை பிசின் கலந்த பாத்திரத்தை மீண்டும் உணவுக்கு எடுத்தலாகாது.

அளப்பதிலும் பாத்திரம் நம்மை ஏமாற்றும். அடி ஒடுங்கி வாய் விரிந்த கோப்பையிலே பாதி உயரம் பாதி அளவன்று, அதனிற் குறைவு. கண்ணால் இரண்டுக்கு ஒன்று என்று மதித்து ஊற்றினாற் பங்கு பிசகிவிடும். பக்கம் நேராயுள்ள பாத்திரத்தில் அளத்தல் வேண்டும்; அல்லது தராசிலே நிறுத்தல் வேண்டும். நிறைப் பங்கும் கன அளவுப் பங்கும் ஒன்றல்ல என்பதையும் மறத்தலாகாது. தகரத்தின்மேல் எது குறிக்கப்பட்டுள்ளதோ அதனையே கொள்க. இனி, பாத்திரத்தின் அடிமூலையிலே கலவாத பிசின் ஒளிந்திருக்கும். கலக்கி முடித்தபின் வேறொரு சுத்தமான பாத்திரத்திற்கு மாற்றி, பக்கங்களை வழித்து, மீண்டும் ஒருமுறை கலக்கினால் அந்தக் குறை நீங்கும். இதனைச் செய்யாதவன் ஒட்டிலே, ஒரு மாதம் சென்றும் இறுகாத ஈரத் திட்டுகள் நிற்கும். தண்ணீர் அவ்வழியாகவே ஒழுகும்.

இவ்வாறு ஐஸ்கிறீம் பெட்டியிலே நூற்றைம்பது கிராம் அளவாகக் கலந்து, அகன்ற மூடியிலே பரப்பி, பத்து முறையில் வேலையை முடித்தோம். ஒவ்வொரு கீறலின்மீதும் மூன்று அடுக்குத் துணி. ஒவ்வோர் அடுக்கும் முன்னதிலும் சற்று அகலமானது. கையுறை இருவருக்கும் உண்டு. பையன் இடக்கையால் நிறுத்தான். மிஞ்சிய பிசினைக் குப்பையில் எறியாமல் மணலின்மீது மெல்லிதாகப் பரப்பி ஆறவிட்டோம். உலர்ந்த சருகிடையே எறிந்தால் அது தீக்குக் காரணமாகலாம். ஏழு நாள் தொட்டியை வெறுமையாய் விட்டு, கழுவி, முதல் நிறைத்த நீரை வெளியேற்றினோம். மறுநாட் காலை பீலியிலே தண்ணீர் விழுந்த ஓசையைக் கேட்டுப் பெண்கள் குடத்தோடு ஓடிவந்தார்கள். பையனின் தாயார் முதற் குடத்தை நிரப்பிக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு சொல்லும் சொல்லாமற் போனார். அவர் நன்றி சொல்லியிருந்தால் என்னாற் தாங்கியிருக்க முடியாது.

அன்பர்களே, இக்கட்டுரையை நான் எழுதியது பிசினுக்காக மாத்திரமன்று. சிரட்டையிலும் தட்டத்திலும் என் தந்தையார் அறிந்திருந்த அறிவுக்குக் காரணம் கற்பித்தது எமது கல்லூரி. அதற்கு நான் என்றும் கடமைப்பட்டவன். ஆயினும் காரணம் கற்ற நான் தடுமாறிய இடத்தில், கல்லூரியைக் கண்டிராத ஒரு பிள்ளை, வெந்த கையோடு இருந்து, சரியான கேள்வியைக் கேட்டான். நான் பன்னிரண்டு வயதிற் கடைசி வாங்கிலிருந்து கேட்டதும் அத்தகைய ஒரு கேள்வியே. என்னைச் சிரியாமற் செவிமடுக்க ஓர் ஆசிரியர் இருந்தார். அவனுக்கு அத்தகைய ஒருவர் வாய்க்கவில்லை. அவனுக்கும் எனக்கும் இடையே இருந்த வேறுபாடு இவ்வளவுதான்.

அவன் கை ஆறிவிட்டது. தழும்பு மட்டும் உண்டு. பின்னர் என் நண்பரின் உதவியால் மேற்குக் கரையிலே ஒரு படகுப் பட்டறையிற் சேர்ந்து, இன்று பிறருக்கு வேலை பழக்குபவனாய் இருக்கின்றான். தீபாவளிக்கு ஊர் வந்தபோது என்னைக் காண வந்தான். "இன்னும் தகரத்துலதான் கலக்குறீங்களா ஐயா?" என்று கேட்டுச் சிரித்தான்.

பழைய மாணவர் சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. விழாவை ஒட்டி மண்டபமும் வாயிலும் எழுப்புவது நன்றே. அவற்றோடு, தோட்டத்துப் பிள்ளை ஒருவனுக்கு ஆண்டுதோறும் விடுதியில் இலவச இடம் ஒதுக்குவீர்களாயின், அதற்கு என் இளைப்பாற்றுப் பணத்தின் ஒரு பகுதியைத் தரச் சித்தமாயிருக்கின்றேன். பாத்திரம் அறிந்து இடுக என்றனர் முன்னோர். அறிவதற்கு முதலிற் பார்க்கவேண்டும் அன்றோ? மலைச் சரிவுகளிலே நாம் இன்னும் சென்று பாராத பாத்திரங்கள் பல உள.

வாழ்க எமது கல்லூரி.